எச்4 விளக்கில் செனன் குமிழ் பூட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்

கிளிநொச்சியில் உள்ள ஓர் உதிரிப்பாகக் கடையில் என் பழைய வானின் முன்விளக்குகளில் இருந்த எச்4 வகை ஹலஜன் குமிழ்களைக் (சூடான இழையால் ஒளிர்பவை) கழற்றிவிட்டு, மூன்று மடங்கு வெளிச்சம் தரும், பற்றரிக்கும் பாரமில்லை என்று சொல்லி, 18,000 ரூபாவுக்கு ஒரு செனன் தொகுதியைப் பூட்டினார்கள். பற்றுச்சீட்டுத் தரவில்லை; நானும் கேட்காமல் விட்டேன்.

வெளிச்சக் கணக்கு உண்மைதான். செனன் குமிழில் இழை கிடையாது. குவார்ட்ஸ் கூட்டுக்குள் இருக்கும் இரண்டு தங்ஸ்தன் முனைகளுக்கு இடையே, பலாஸ்ட் எனப்படும் பெட்டி 20,000 வோல்ற்றுக்கும் மேலான அழுத்தத்தில் மின்வில் ஒன்றை, அதாவது விடாமல் எரியும் மின்பொறியை, மூட்டுகிறது. முதலில் செனன் வாயு ஒளிர, அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் உலோக உப்புகள் ஆவியாகிச் சில விநாடிகளில் முழு வெளிச்சம் வருகிறது. 35 வாற்றில் ஏறத்தாழ 3,000 லூமன் (வெளிச்சத்தின் அலகு) கிடைக்கும். எச்4 குமிழின் தாழ்கதிரோ (எதிரே வாகனம் வரும்போது போடும் தாழ்ந்த வெளிச்சம்) 55 வாற்றில் 1,000 லூமன் அளவே தரும்.

கடைக்காரர் மறைத்தது வேறொன்று. எச்4 குமிழில் தாழ்கதிர் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. வெளிச்சம் மேலே ஏறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்காமல் தடுப்பது அதுதான். தெறிகண்ணாடியும் அந்த இழையின் இடத்தை வைத்தே வளைக்கப்பட்டிருக்கிறது. அங்கே மின்வில் நூலளவு விலகி நின்றாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும்.

அறுவடைக் காலத்து இரவொன்றில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வழியில், நெல் மூட்டைகளோடு எதிரே வந்த லான்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) ஓட்டியவருக்குக் கண் கூசி வீதியோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. காயமில்லை. "தம்பி, உம்மட லைற்றில எனக்கு ஒண்டும் தெரியேல்லை" என்று அந்த ஐயா நடுங்கியபடி சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. எனக்கும் வானுக்கு முன்னால் உள்ள நிலம்தான் பளிச்சென்று தெரிந்தது. மாடுகள் படுத்திருக்கக்கூடிய தூரம் இருண்டே கிடந்தது.

மறுநாள் கடைக்குப் போனபோது, வயரை வெட்டியாயிற்று, திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். வவுனியாவில் ஒரு மின்வேலைக்காரர்தான் இவற்றை விளக்கிப் பழைய குமிழ்களை மீண்டும் பூட்டித் தந்தார். தொழிற்சாலையிலேயே செனன் பூட்டிய வாகனங்களில் அதற்கென்றே அமைத்த விளக்குக்கூடும், பெரும்பாலும் பாரத்துக்கேற்பத் தானாகத் தாழும் பொறியும், கண்ணாடி கழுவும் கருவியும் இருக்கும் என்றார்.

ஏற்கெனவே பூட்டியவர்கள் இன்றிரவே வாகனத்தைச் சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே நிறுத்தித் தாழ்கதிரைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கோடு கிழித்தாற்போல் தெரியாமல் சுவர் முழுவதும் படர்ந்தால், அந்த வாகனத்தை இரவில் ஓட்டவேண்டாம்.