குருசடையா, காரங்காடா, தனுஷ்கோடியா? பதினோராம் வகுப்பை எங்கே இறக்கிவிடுவது?

முதல் அறிவியல் களப்பயணத்தில் நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் 46 பேரை விடியற்காலையில் பஸ்ஸில் ஏற்றி, மண்டபம், பாம்பன், கலாம் நினைவிடம், கோயில், அரிச்சல்முனை என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டினேன். மறுநாள் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பாதிப் பேர் ‘கடல் நீலமாக இருந்தது’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் உண்மையை எழுதினான்: ‘பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.’

அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டேன். எந்த இடம் என்பதில்தான் ஒவ்வோர் ஆண்டும் ஆசிரியர் அறையில் வாக்குவாதம்.

இடத்தைப் பேசுவதற்கு முன் காற்றைப் பேச வேண்டும். ராமநாதபுரம் கரைக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண்கடல் என்றும் அலையடிக்கும் தென்கடலை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் கலங்கிக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை கிளம்பினால் வடகடலும் குணம் மாறிவிடும். இதோடு பள்ளி நாட்காட்டியை ஒட்டிப் பாருங்கள். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, நடுவில் மழை. பொங்கல் கழிந்து பிப்ரவரி வரையிலான சில வாரங்கள்தான் மிச்சம். பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்போது செய்முறைத் தேர்வு நெருங்கிவிடும். ஆகவே இது பதினோராம் வகுப்புக்கான பயணம்.

குருசடைத் தீவுக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் வாதம் வலுவானது. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் 21 தீவுகள். 1986-இல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம். பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் ஏறினால், அடியில் பதித்த கண்ணாடி வழியே பவளப்பாறையைப் பார்க்கலாம். விலங்கியல் புத்தகத்தில் அரைநாணிகள் பகுதியில் வரும் பலனோகுளோசஸ் புழுவுக்குப் பெயர்பெற்ற தீவு குருசடைதான். பாடநூலில் படமாக மட்டும் பார்த்த உயிரி வாழ்கிற மணலில் நிற்கிறோம் என்றால் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்கிறது.

ஆனால் அங்கே பிள்ளைகள் வெறும் பார்வையாளர்கள். கண்ணாடியைச் சுற்றிக் குனிந்து, முண்டியடித்து, ஒரு மீனைப் பார்த்து, கைபேசியில் படம் எடுத்து எழுந்துவிடுகிறார்கள். நீர் கலங்கியிருந்தால் அதுவும் இல்லை. பவளம் வெளிறிப்போவதைப் பற்றி முன்கூட்டியே வகுப்பில் பேசாமல் அழைத்துச் சென்றால், பழுப்பாகத் தெரிவது உயிருள்ள பவளமா செத்த பாறையா என்றே அவர்களுக்குத் தெரியாது. 2010-லும் 2016-லும் கடல் சூடேறி இங்கே பவளங்கள் பெருமளவில் வெளிறின. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கும் நுண்பாசி வெளியேறுவதால் வருகிற வெளிறல் அது. ஒளிச்சேர்க்கையும் கூட்டுயிர் வாழ்க்கையும் ஒரே இடத்தில் சந்திக்கும் இந்தப் பாடத்தைப் படகில் வைத்து நடத்த முடியாது, இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இன்னொன்று: கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பஸ்ஸில் ஏறும்போது பைகளைச் சோதிக்கும் வேலை நமக்கு.

குந்துகாலில் எனக்குப் பிடித்தது படகுத்துறை அல்ல, பக்கத்திலுள்ள சின்னப்பாலம். அந்த ஊர்ப் பெண்கள் கடலில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அதிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டில் ஊற்றும் அதே அகார். அந்த அம்மாக்களில் ஒருவர் பேச ஒப்புக்கொண்டால் அரை மணி நேரம் போதும், கண்ணாடிப் படகைவிட அதிகம் கிடைக்கும். எங்கள் மாணவி ஒருத்தி, ‘பூங்காவுக்குள் போகக் கூடாது என்றால் நீங்கள் எங்கே போவீர்கள், அத்தை?’ என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாவிடம் நிறையவே இருந்தது.

காரங்காடு இதற்கு நேர் எதிர். பெயருக்குப் பளபளப்பு கிடையாது. தேவிபட்டினத்தைத் தாண்டித் தொண்டிப் பக்கம் போகும் வழியில், பாக் நீரிணைக் கரையில் அலையாத்திக் காட்டை ஒட்டி உள்ள மீனவர் ஊர். அலையாத்தி என்பது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மரம். அங்கே வனத்துறை ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டு படகுச் சவாரியும் துடுப்புப் படகும் நடத்துகிறது. ஊர்ப் பெண்களே மீனும் நண்டும் சமைத்துக் கொடுக்கிறார்கள். படகு ஓட்டுகிறவரே நமக்கு ஆசிரியர். எந்த மாதத்தில் இறால் குஞ்சு இந்த மரங்களின் வேர்களுக்குள் ஒதுங்கும் என்று அவர் சொல்வது எந்தப் புத்தகத்திலும் அந்த வரிசையில் இருக்காது.

முதலில் இலையை நக்கச் சொல்வேன். அலையாத்தி இலையின் அடிப்புறம் உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடுவதால் அப்படி. தாவரவியலில் பத்து வரி மனப்பாடம் செய்ததை நாக்கு ஒரு நொடியில் புரிந்துகொள்கிறது. பிறகு, வனக் காவலரிடம் கேட்டுக்கொண்டு கரையோரத்திலேயே ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, சேற்றிலிருந்து பென்சில்போல நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களை எண்ணச் சொல்வேன். நீரோரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று என்று மூன்று சதுரம். மூன்றிலும் எண்ணிக்கை வேறு வேறாக வரும். ஏன் என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். இந்தக் கரையில் கடலின் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தச் சிறு வித்தியாசத்துக்குள் எந்த மரம் எங்கே நிற்கும் என்பது முடிவாகிவிடுகிறது என்று புரியும்போது பிள்ளைகள் கொஞ்சம் அமைதியாகிறார்கள்.

குறையும் உண்டு. 46 பேர் ஒரே நேரத்தில் படகேற முடியாது. ஒரு குழு நீரில் இருக்கும்போது மற்றக் குழுவுக்குக் கரையில் வேலை வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர்கள் கடைத்தெருவைத் தேடிப் போய்விடுவார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனாலும் நீச்சல் தெரிந்த பையன்கள்தான் முதலில் அதைக் கழற்றுகிறார்கள்.

தனுஷ்கோடியை இரண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும். எல்லோரும் போவது 1964 டிசம்பர் 22 இரவுப் புயலின் மிச்சத்தைப் பார்க்க. தேவாலயச் சுவர், ரயில் நிலைய இடிபாடு, சங்கு மாலைக் கடைகள். அதற்கு வரலாற்று ஆசிரியர் போதும். அறிவியலுக்கு அங்கே இருக்கும் சொத்து, மணலில் தோண்டும் ஊற்று. இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் மெல்லிய மணல் திட்டு. அங்குள்ள மீனவக் குடும்பங்கள் சில அடி தோண்டிக் குடிநீர் எடுக்கிறார்கள். மழைநீர் அடர்த்தி குறைவானதால் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி 1.025 என்று எடுத்துக்கொண்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். இந்தக் கணக்கை மணலில் குச்சியால் போட்டுக் காட்டினேன். இயற்பியல் பிடிக்காத பிள்ளைகளும் குழியை எட்டிப் பார்த்தார்கள். மற்றபடி அங்கே நிழல் இல்லை, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி போதாது. மதியத்துக்குள் திரும்பிவிடுவதே நல்லது.

பணம் இல்லாத பள்ளிக்குச் சக்கரக்கோட்டைக் கண்மாய். ராமநாதபுரத்தை ஒட்டியே இருக்கிறது, டவுன் பஸ் போதும். மழை பெய்து கண்மாய் நிறைந்த ஆண்டில் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கூடு கட்டும். மழை ஏமாற்றினால் பறவையும் ஏமாற்றும்.

இரவு தங்கும் முகாம்தான் உண்மையான வெளிப்புறக் கல்வி என்கிறார் எங்கள் உடற்கல்வி ஆசிரியர். வாதத்தில் தப்பில்லை. ஆனால் பெற்றோர் சம்மதக் கடிதத்தில் பெண் பிள்ளைகளின் பெயர் பாதியாகக் குறைந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். பாதி வகுப்பை வீட்டில் விட்டுவிட்டு நடத்தும் முகாமைவிட, முழு வகுப்பும் மாலையில் வீடு திரும்பும் ஒரு நாளை நான் தேர்ந்தெடுப்பேன்.

என் ஓட்டு காரங்காட்டுக்கு. இரண்டாவது நாளுக்குப் பணம் இருந்தால், சின்னப்பாலத்தை முதலில் வைத்துப் பிறகு குருசடை. தேதி முடிவானதும் பெற்றோருக்கு ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்: சீருடை வேண்டாம், பழைய துணி போதும். காரங்காட்டுச் சேறு எந்தச் சோப்புக்கும் போகாது.