‘ஞாயிறு மதியம் ஆமிஷ் வீட்டு விருந்து’ என்று விற்றால் பணம் கட்டாதீர்கள்

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு, குறிப்பாக ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பக்கம், காரும் டிராக்டரும் தவிர்த்துப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ்காரர்களின் ஊர்களுக்கு ‘சனி, ஞாயிறு ஃபேமிலி பேக்கேஜ்’ என்று வாட்ஸப் குரூப்களில் ஒரு போஸ்டர் சுற்றுகிறது. அதில் ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் குடும்பத்தோடு மதிய விருந்து என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியே போதும், அது ஏமாற்று என்று சொல்ல. ஆமிஷ்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் செய்வதே கிடையாது. கடை கிடையாது, வயல் வேலை கிடையாது, காசுக்குச் சோறு போடுவதும் கிடையாது.

எங்களுக்கு விற்றவர் நியூ ஜெர்சியில் நம்மவர்களைக் குறிவைத்தே டூர் நடத்துபவர். பெயரை இங்கே போடவில்லை. அவர் சொன்ன திட்டம் இது: நாங்கள் எங்கள் காரிலேயே எடிசனிலிருந்து ஓட்டிக்கொண்டு போக வேண்டும், சனி இரவு ‘அசல் ஆமிஷ் பண்ணை வீட்டில்’ தங்கல், ஞாயிறு காலை வழிகாட்டி வந்து எங்கள் காரில் ஏறிக்கொள்வார், குதிரை வண்டி சவாரி, ஆமிஷ் பள்ளிக்கூடம், பிறகு ஆமிஷ் வீட்டில் சுத்த சைவ விருந்து. அட்வான்ஸை கிரெடிட் கார்டில் வாங்கினார். பாக்கியை மட்டும் “அண்ணா, கார்டுன்னா மூணு பர்சென்ட் கூட வரும், ஸெல்ல போட்டுடுங்க” என்றார். ஸெல் என்பது Zelle, வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் அனுப்பும் வசதி. அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அமெரிக்காவில் டிராக்டர் இல்லாமல் கோவேறு கழுதை கட்டி உழுகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அவருக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நயாகரா வேண்டாம், நியூயார்க் வேண்டாம், அதைக் காட்டு என்றார். இதை டூர்காரரிடம் போனில் தெளிவாகச் சொன்னேன். “தாராளமா பாக்கலாம்ணா, அதுதானே அங்க விசேஷமே” என்று பதில். ஞாயிற்றுக்கிழமை ஒரு கழுதைகூட வயலில் இறங்காது என்பது மாதா மாதம் ஆள் கூட்டிப் போகிறவருக்குத் தெரியாமலா இருக்கும்?

சனி சாயங்காலம் அவர் அனுப்பிய முகவரிக்குப் போய் நின்றால், ரூட் 30 நெடுஞ்சாலை மேலேயே ஒரு மோட்டல். சுற்றிலும் அவுட்லெட் கடைகள், பர்கர் கடைகள். பண்ணை வீடு எங்கே என்று போன் போட்டால், “ஓவர்புக்கிங் ஆயிடுச்சுண்ணா, இதுவும் ஆமிஷ் ஏரியாதான்” என்கிறார். ரூட் 30 ஆமிஷ் ஏரியா என்றால் கோயம்பேடு பேருந்து நிலையம் காவிரிக் கரையில் இருக்கிறது என்றும் சொல்லலாம்.

ஞாயிறு காலை வழிகாட்டி வந்தார். வைக்கோல் தொப்பி, சஸ்பெண்டர், நல்ல அடர்ந்த மீசை. எனக்கு அங்கேயே பொறி தட்டியது. ஆமிஷ் ஆண்கள் கல்யாணம் ஆனதும் தாடி வளர்ப்பார்கள், ஆனால் மீசையை மழித்துவிடுவார்கள். ராணுவத்தோடு சேர்ந்த அடையாளம் என்று மீசையை அந்தக் காலத்திலேயே விலக்கிவிட்டார்கள் என்பார்கள். கேட்டதும் மனிதர் நேர்மையாகவே, “நான் ஆமிஷ் இல்லை, இது யூனிஃபார்ம்” என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, கூலிக்கு வந்தவர்.

குதிரை வண்டி என்பது ஒரு பார்க்கிங் லாட்டிலிருந்து கிளம்பி ஒரு சுற்று சுற்றி அதே பார்க்கிங் லாட்டுக்கு வந்தது. அங்கேயே டிக்கெட் விலைப் பலகை தொங்கியது. எங்களிடம் வாங்கியதில் பாதிகூட இல்லை.

அதைவிட எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது பள்ளிக்கூடம். ஒரே அறை, முன்னால் ஊஞ்சல், பூட்டிய கதவு. எட்டாம் வகுப்போடு அவர்கள் படிப்பு முடிகிறது. அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1972-ல் உறுதி செய்தது. அந்த வேலி ஓரமாகக் காரை நிறுத்தி, இறங்கி ஜன்னல் வழியாக எட்டிப் பாருங்கள், போட்டோ எடுங்கள் என்றார் வழிகாட்டி. இதே மாவட்டத்தில், நிக்கல் மைன்ஸில், 2006 அக்டோபரில் ஒருவன் இப்படி ஒரு பள்ளிக்குள் துப்பாக்கியோடு நுழைந்து ஐந்து சிறுமிகளைக் கொன்றான். அந்தக் கட்டடத்தையே அவர்கள் பிறகு இடித்துவிட்டார்கள். முன்பின் தெரியாத கார்கள் பள்ளிக்கூட வேலியோரம் வந்து நிற்பது அவர்களுக்கு எப்படி இருக்கும்? நாங்கள் இறங்கவில்லை. என் மனைவி, “வண்டியை எடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

விருந்துக்கு வருவோம். “அந்தக் குடும்பம் இன்னைக்குச் சர்ச்சுக்குப் போயிருக்காங்க” என்று ஒரு பஃபே ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சர்ச் என்றால் தனிக் கட்டடம் கிடையாது. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருவர் வீட்டில், காலை முழுக்க வழிபாடு நடக்கும். எந்த வீடு என்று முன்கூட்டியே முறை வைத்திருப்பார்கள். ‘திடீரென்று’ போவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பஃபேயில் ‘சுத்த சைவம்’ என்று அம்மா தட்டில் எடுத்து வந்தது பச்சை பீன்ஸும் நூடுல்ஸும். பீன்ஸைக் கிளறினால் அடியில் இளஞ்சிவப்பாகச் சின்னச் சின்னத் துண்டுகள். ஹாம், அதாவது பன்றிக்கறி. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு நூடுல்ஸ் பற்றிக் கேட்டால், “கோழிச் சாறில் வேகவைத்தது” என்றாள். பாவம், அவளிடம் சைவம் என்று யாருமே சொல்லி வைக்கவில்லை. அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்த முறுக்கை எடுத்தாள். பென்சில்வேனியா டச்சுச் சமையலில், அதாவது இந்தப் பக்கம் குடியேறிய ஜெர்மானிய வழியினரின் சமையலில், இது சகஜம். சில இடங்களில் ‘பை’ (pie) என்ற இனிப்புப் பலகாரத்தின் மாவுக்குக்கூடப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். சைவம் என்று மேலோட்டமாகக் கேட்டால் ‘கறி இல்லை’ என்றுதான் பதில் வரும். ஹாம் உண்டா, கோழிச் சாறு உண்டா, பன்றிக்கொழுப்பு உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

போஸ்டரைத் திரும்ப எடுத்துப் பார்த்தால் படங்களே காட்டிக் கொடுக்கின்றன. ஆமிஷ் குழந்தைகள் கேமராவைப் பார்த்து வரிசையாகச் சிரிக்கிறார்கள். உருவம் செய்யாதே என்ற பைபிள் கட்டளையைக் காட்டி, முகம் தெரிய நின்று போட்டோ எடுத்துக்கொள்வதை அவர்கள் ஏற்பதில்லை. அடுத்தது வண்டி. லான்காஸ்டர் ஆமிஷ் வண்டிகளுக்குச் சாம்பல் நிறக் கூண்டு. போஸ்டரில் இருந்தது கருப்பு, ஓஹையோவில் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் ஓடுகிற மாதிரி. லான்காஸ்டரிலும் கருப்பு வண்டி கண்ணில் படும், ஆனால் அது ஆமிஷோடு உறவுள்ள இன்னொரு கிறிஸ்தவப் பிரிவான மென்னோனைட்டுகளில் பழைய மரபுக்காரர்களுடையது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய படம்.

நாங்கள் எங்கள் செலவில் இன்னொரு இரவு தங்கினோம். திங்கட்கிழமை காலை, 340-ம் நம்பர் சாலையில் பேர்ட்-இன்-ஹேண்ட், இன்டர்கோர்ஸ் ஊர்களைத் தாண்டிக் கிளைச் சாலைகளில் நாங்களாகவே காரை மெதுவாக விட்டோம். திங்கள் அவர்களுக்குத் துணி துவைக்கும் நாள். வீட்டுக்கு வீடு கம்பியில் கருநீலமும் ஊதாவுமாகத் துணிகள். ஒரு வயலில் கோவேறு கழுதைகள் வைக்கோல் கட்டும் இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போயின. அப்பா காரை நிறுத்தச் சொல்லிச் சாலை ஓரத்திலேயே நின்று பார்த்தார். “எஞ்சின் வெச்சிருக்கான்டா, ஆனா இழுக்கறது கழுதை. சக்கரத்துல ரப்பரே இல்ல பாரு, இரும்பு” என்றார். வழிகாட்டி வாயிலிருந்து இப்படி ஒரு தகவல் வரவே இல்லை. போகும் வழியில் ஆளில்லாத காய்கறி மேசை ஒன்று. விலை எழுதியிருக்கும், டப்பாவில் காசைப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில்லறை டாலர் கையில் வைத்திருங்கள்.

ஆக, போகிறவர்கள் வார நாளில் போங்கள். லான்காஸ்டர் நகரத்துச் சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி மட்டும்தான். எஃப்ரட்டா பக்கம் பெரிய சந்தை வெள்ளிக்கிழமை. ஆமிஷ் வீட்டுச் சாப்பாடு என்பது பொய்யில்லை, சில குடும்பங்கள் போடுகின்றன, ஆனால் முன்கூட்டியே ஏற்பாடு செய்து, ஞாயிறு தவிர்த்து. உள்ளூர் மென்னோனைட் வழிகாட்டிகள் உங்கள் காரிலேயே ஏறி வந்து சுற்றிக் காட்டுகிறார்கள், அதையும் நேரடியாகவே பேசிக்கொள்ளலாம். இருட்டிய பிறகு அந்தச் சாலைகளில் வேகம் வேண்டாம். மேட்டைத் தாண்டியதும் முன்னால் குதிரை வண்டி இருக்கும்.

இப்போது பணம். டூர்காரரிடம் கேட்டதற்கு, “சர்வீஸ் கொடுத்தாச்சே அண்ணா” என்றார், பிறகு எங்களை குரூப்பிலிருந்தே தூக்கிவிட்டார். கார்டில் கட்டிய அட்வான்ஸுக்கு வங்கியில் ஆட்சேபம் (dispute) பதிந்தேன். சொன்ன சேவை கிடைக்காவிட்டால், ஸ்டேட்மென்ட் வந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க அமெரிக்கச் சட்டம் இடம் தருகிறது. போஸ்டர், அவர் அனுப்பிய மெசேஜ்கள், மோட்டல் ரசீது எல்லாம் இணைத்தேன், அட்வான்ஸ் திரும்பி வந்தது. ஸெல்லில் போட்டது போனதுதான். நாமே விரும்பி அனுப்பிய பணம் என்பதால் வங்கி கைவிரித்துவிட்டது. மூன்று சதவீதம் மிச்சம் என்று ஸெல் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று இப்போது புரிந்திருக்கும். நியூ ஜெர்சி நுகர்வோர் விவகாரப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதே ஆளிடம் மாட்டியவர்கள் இருந்தால் நீங்களும் கொடுங்கள், ஒரு புகாருக்குக் கிடைக்காத கவனம் பத்துக்குக் கிடைக்கும்.

இந்த வாரம் ஒரு நண்பர் புதுப் போஸ்டரை அனுப்பியிருந்தார். ‘ஃபால் கலர்ஸ் ஸ்பெஷல்’, கம்பெனிப் பெயர் வேறு, போன் நம்பர் அதே, கருப்பு வண்டிப் படமும் அதே. விருந்து ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டரை மணிக்காம். பெயர் தெரிய வேண்டியவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், சொல்கிறேன்.