லாண்ட்மாஸ்ரர் பெட்டிக்கு எது நின்று பிடிக்கும்? வன்னிப் பாவனையில் கண்டவை

எங்கள் பக்கம் லாண்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தின் பின்னால் இழுக்கும் பெட்டி உக்கிப்போனால், அதைத் திருப்பிக் கட்ட நினைக்கும் பலரும் முதலில் சொல்வது, "முழுக்கத் தகடு போட்டுவிடுவம், பிறகு கவலையில்லை" என்பதுதான். என் பெட்டியை 2017 இல், பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, இரும்புச் சட்டம் வெளியே தெரியும்வரை பிரித்துக் கட்டினேன். அன்றிலிருந்து நெல் மூடை, எரு, கிரவல், விறகு என்று எல்லாம் அதில்தான் ஏறுகிறது. இத்தனை காலப் பாவனைக்குப் பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்வேன். பெட்டி பாரத்தால் கெடுவதைவிட, தேங்கிய ஈரத்தால் கெடுவதுதான் அதிகம். அதனால் ஹாட்வெயார் கடைக்குப் போகுமுன், எந்தப் பொருள் சீக்கிரம் காயும், எதைப் பக்கத்து வெல்டிங் கடையிலேயே திருத்தலாம் என்று யோசியுங்கள்.

தளத்துக்கு நான் போட்டது ஓரங்குல முதிரைப் பலகை. மரம் பாரம் குறைவு என்று நினைத்துப் போடவில்லை. 3 மில்லிமீற்றர் தகட்டோடு கணக்குப் பார்த்தால் வித்தியாசமே இல்லை. எட்டடிக்கு நாலடி இரும்புத் தகடு 2 மில்லிமீற்றர் தடிப்பில் ஏறத்தாழ 47 கிலோ, 3 மில்லிமீற்றரில் 70 கிலோ. அதே பரப்புக்கு ஓரங்குல முதிரையும் 70 கிலோ அளவில்தான் வரும். ஆனால் ஒரு பலகை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றலாம். கிரவல் கொட்டும்போது தகடு நெளியும், பலகை நெளியாது. பாலை இன்னும் உறுதிதான். ஆனால் பாரம் கூட, துளை போடவும் கஷ்டம். வேம்பு மலிவு, கறையானும் இலகுவில் அண்டாது. பட்ஜெட் இறுக்கமென்றால் நன்றாகக் காய்ந்த வேம்பே போதும்.

பலகையை நீளவாக்கில் போடுங்கள். குறுக்கே போட்டால் மண் அள்ளும்போது சவள் ஒவ்வொரு பொருத்திலும் முட்டும். பலகைகளுக்கு இடையில் ஒரு தீக்குச்சித் தடிப்பு இடைவெளி விட்டால் மாரியில் மரம் ஊதினாலும் இடமிருக்கும், தண்ணீரும் வடியும். நெல்லைக் கொட்டி ஏற்றுவதென்றால் கீழே படங்கு விரித்தால் சரி. ஆணி அடிக்கவே வேண்டாம், அதிர்வில் கழன்றுவிடும். தலை உள்ளே அமரும்படி போல்ற் போட்டு, கீழே அகலமான வாசரோடு நட் இறுக்குங்கள்.

மரக்காலையில் வாங்கும்போது பற்றுச்சீட்டை மறக்காமல் எடுங்கள். முதிரை, பாலை கொண்டுபோவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். வழியில் மறித்தால் கையில் தாள் இருக்கவேண்டும். பழைய லொறிப் பெட்டி உடைக்கிற இடத்தில் கிடைக்கும் பலகை இன்னும் நல்லது. அது ஏற்கெனவே காய்ந்து இறுகியிருக்கும், விலையும் தணிவு.

சட்டத்துக்கு எல் (L) வடிவ ஆங்கிள் இரும்பைத்தான் சொல்வேன். உள்ளே வெறுமையான சதுரக் குழாயான பொக்ஸ் பார் பார்க்க வடிவு, ஆனால் உள்ளே போகிற தண்ணீர் வெளியே வராது. வெளியில் பெயின்ற் மினுங்கிக்கொண்டிருக்க, உள்ளிருந்து கறள் தின்னும். பொக்ஸ் பார்தான் கையிலிருக்கிறது என்றால் இரண்டு முனையையும் முழுக்க அடைத்து வெல்டிங்கில் ஒட்டுவியுங்கள். ஆங்கிளிலும் ஒரு விசயம் உண்டு. குறுக்குச் சட்டத்தின் விளிம்பு மேல்நோக்கி நின்றால் அது ஒரு சின்ன வாய்க்கால். சேறும் வைக்கோலும் அதில் அடைந்து மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். விளிம்பைக் கீழே பார்க்கத் திருப்பினால் எதுவும் தங்காது. எனக்கு ஒட்டித்தந்த அண்ணை, "தம்பி, கீழ்ப்பக்கத்தை ஒருத்தரும் பாக்கிறேல்ல, கறள் அங்கதான் வீடு கட்டும்" என்றார். அவர் சொல்லித்தான் அடிப்பக்கத்துக்கும் இரண்டு பூச்சு அடித்தேன். ரெட் ஒக்சைட் அடிப்பூச்சோடு நிறுத்திவிடாதீர்கள். அது தனியே ஈரத்தைத் தடுக்காது, மேலே எனாமல் கட்டாயம் வேண்டும்.

பக்கங்களில்தான் காசை மிச்சம் பிடிக்கலாம். 200 லீற்றர் இரும்புப் பரலை (பீப்பாயை) வெட்டி விரித்தால் ஏறத்தாழ ஆறடி நீளம், மூன்றடிக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் ஒரு தகடு வரும். அதை நீளவாக்கில் பாதியாக்கினால் ஆறடியில் இரண்டு துண்டு. எட்டடி, நாலடிப் பெட்டியின் சுற்றளவு 24 அடி, அதாவது நாலு துண்டு. இரண்டு பரலோடு வேலை முடிந்தது. பரலைச் சுற்றியிருக்கும் மேடு ஒவ்வொரு துண்டிலும் நீளத்துக்கு ஓடுவதால் தகடு தானாகவே விறைப்பாக நிற்கும். தயவுசெய்து எரிபொருள் இருந்த பரலில் காஸ் கட்டரோ கிரைண்டரோ வைக்காதீர்கள். வெறும் பரல் என்று நினைப்போம், உள்ளே நிற்கிற ஆவி வெடிக்கும். நன்றாகக் கழுவி, உளியும் சுத்தியலும் கொண்டு வெட்டுங்கள். பூச்சிமருந்து இருந்த பரல் வேண்டவே வேண்டாம், நெல் ஏற்றுகிற பெட்டி இது. அதேபோல, காணிகளில் கிடக்கும் போர்க்காலத்து இரும்பை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை எத்தனை வருடம் இழுபட்டது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதானே.

நாகம் பூசிய கல்வனைஸ் தகடு கறள் பிடிக்காமலிருக்க நல்லது, ஆனால் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்துவிடும், அந்தப் புகையும் காய்ச்சல் வரவைக்கும். போல்ற் போட்டுப் பொருத்துவதென்றால் மட்டும் எடுங்கள். அலுமினியத்தை ஊரில் ஒட்ட ஆள் தேடவேண்டும். பிளைவூட் ஒரு மாரிக்கே விளிம்பு பிரியத் தொடங்கும்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது பெட்டி தண்ணீருக்குள் நின்றது. வடிந்த பிறகு சேற்றைக் கழுவி, பின்கதவைத் திறந்து வெயிலில் விட்டேன். பலகை கொஞ்சம் ஊதிப் பிறகு பழைய நிலைக்கு வந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையில் வலையும் மீன்பெட்டியும் ஏற்றுகிற என் மச்சானின் பெட்டி முழுத் தகடு. உப்புத்தண்ணீர் தகடும் ஆங்கிளும் ஒட்டிய பொருத்துக்குள் இறங்கி, நடு நன்றாக இருக்க ஓரம் மட்டும் கடதாசி மாதிரி உதிர்ந்தது. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது இரும்பு விலை கேட்கவே பயமாக இருந்தது. அப்போதுதான் அவரும் தளத்தைப் பலகைக்கு மாற்றினார்.

கடலுக்குத் தூரத்திலிருந்தாலும் எங்களுக்கும் உப்புண்டு. எம்ஓபி உரம் பொட்டாசியம் குளோரைட்தான், இரும்புக்கு அது கடலுப்புப் போலவே கேடு. மூடை கிழிந்து கொட்டினால் அன்றே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவேன். மாரி தொடங்குமுன் வருடாவருடம் பலகைக்கு வேப்பெண்ணெய் தேய்க்கிறேன். கழிவு ஒயில் மலிவுதான், ஆனால் அந்த மணம் நெல்லில் ஏறும்.

இப்போது மாற்றவேண்டிய நிலையில் இருப்பது இடது பக்கப் பரல் தகடும் பின்கதவுப் பிணைச்சலும்தான். தளத்தில் சக்கரத்துக்கு மேலே வருகிற ஒரு பலகை தேய்ந்திருக்கிறது. அதைத் திருப்பிப் போட்டால் இன்னும் சில போகம் ஓடும். தகட்டுக்கு இரண்டு பரல் சொல்லிவைத்திருக்கிறேன், சிறுபோக வேலை ஓய்ந்ததும் கை வைக்கவேண்டும்.