38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு பொய்யாக 120/80 எழுதினார்கள்: பிள்ளை பெற்ற வீட்டார் கவனத்துக்கு

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் இன்னும் நாலு வீட்டார் இவர்களிடம் பணம் கட்டிவிடுவார்கள். அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பிள்ளை பெற்ற வீடுகளைத் தேடிப் பிடித்து, 'பிரசவத்துக்குப் பிந்தைய முழுப் பராமரிப்பு' என்று 42 நாள் திட்டம் விற்கும் ஒரு செயலி நிறுவனம் எங்களிடம் 38,500 ரூபாய் வாங்கியது. வாங்கிக்கொண்டு என் தங்கையைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய் விட்டது. பெயரை இங்கே எழுதவில்லை. புகார் கொடுக்கிறோம், அது ஒரு முடிவுக்கு வரட்டும். இவர்கள் எப்படிப் பேசி உள்ளே வருகிறார்கள், பிறகு எப்படி நழுவுகிறார்கள் என்று மட்டும் சொல்கிறேன். எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எங்களுக்கு அம்மா இல்லை. தங்கைக்கு இது முதல் பிரசவம், சிசேரியன். அவள் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ஊமச்சிகுளத்தில் எங்கள் வீட்டில் இருப்பது அப்பா, எண்பதைத் தாண்டிய அப்பத்தா, நான். நான் காலையில் ஜவுளிக் கடைக்குக் கணக்கு எழுதப் போனால் இரவுதான் திரும்புவேன். அப்பத்தாவுக்குப் பத்தியமும் தெரியும், பிரசவ காய லேகியம் கிளறவும் தெரியும். ஆனால் குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட அவர் உடம்பு இடம் கொடுக்காது.

இதெல்லாம் அந்த நிறுவனத்துக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குப் புரியவில்லை. பிரசவம் நடந்த இடத்தில் யாரோ எங்கள் எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து இரண்டொரு நாளில் ஒரு பெண்மணி வந்து இறங்கினார். நல்ல பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. வாசலிலேயே கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பத்தாவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. கைக்குக் கிருமிநாசினி தேய்த்துக்கொண்டு குழந்தையை வாங்கி, தலையைச் சரியாகத் தாங்கிப் பிடித்தார். பிறகு பையிலிருந்து புத்தம் புதிய ரத்த அழுத்தக் கருவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "தினமும் நர்ஸ் வந்து பிரஷர் பார்ப்பார், காய்ச்சல் பார்ப்பார், தையல் பார்ப்பார், எழுதி வைப்பார். என்ன சந்தேகம் என்றாலும் 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார்" என்றார்.

அம்மா இல்லை என்று அப்பா சொன்னதும் அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இனிமேல் நாங்கள்தான் உனக்குத் தாய்வீடு" என்றார். தங்கை அழுதுவிட்டாள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் செல்பேசியில் கட்டணத் திரையைத் திறந்து என்னிடம் நீட்டினார். தவணை என்றால் 44,000, மொத்தமாக இன்றே கட்டினால் 38,500. சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. 38,500 ரூபாயையும் அங்கேயே, அப்போதே கட்டினேன்.

மறுநாளிலிருந்து வந்தவள் இருபது வயதுப் பெண். நல்ல பெண்தான். குழந்தையைக் குளிப்பாட்டினாள், எண்ணெய் தேய்த்தாள், துணி மடித்தாள். வந்ததும் ஒரு தாளில் ஏதோ எழுதிவிட்டு அதைச் சுவரில் மாட்டியிருந்த அட்டையில் செருகுவாள். மாலையில் வந்து பார்த்தால் 120/80 என்று இருக்கும். பெற்றவள் நன்றாக இருக்கிறாள் என்று எங்களுக்கு நிம்மதி.

இரண்டாம் வாரத்தில் தங்கைக்குத் தலைவலி ஆரம்பித்தது. மாத்திரைக்கு அடங்கவில்லை. கண்ணுக்கு முன்னால் மின்மினி பறப்பதுபோல இருக்கிறது என்றாள். மேல் வயிற்றில், விலாவுக்குக் கீழே வலி. முகம் வீங்கியிருந்தது. பால் கட்டியிருக்கும், தூக்கம் இல்லை, அதனால்தான் என்றாள் அந்தப் பெண். அப்பத்தா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சை உடம்புக்காரிக்கு இப்படித் தலை வலிக்கக் கூடாது, ஜன்னி கண்டுவிடும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் செயலியில் டாக்டருக்கு எழுதினேன். தலைவலி, கண் மின்னுகிறது, முகம் வீக்கம் என்று ஒவ்வொன்றாக எழுதினேன். "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்று வந்தது. அழைத்தால் பாட்டு ஓடியது, பிறகு அதுவாகவே துண்டித்துக்கொண்டது. விடியும் நேரத்தில் பதில் வந்தது: "தங்கள் அளவீடுகள் அனைத்தும் இயல்பாக உள்ளன. நிறையத் தண்ணீர் குடித்து ஓய்வெடுக்கவும்." கீழே ஒரு ரோஜாப்பூ படம்.

அளவீடுகள் இயல்பாக உள்ளன! அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டிலேயே இருந்தோம்.

அன்று காலை கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். குழந்தைக்கு 14ஆம் நாள் வருகை. அவருக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. குழந்தையை எடை போட வந்தவர், தங்கையின் கண் இமை வீங்கியிருப்பதைப் பார்த்ததும் எடைக் கருவியைக் கீழே வைத்துவிட்டுப் பிரஷர் பட்டையை எடுத்துக் கட்டினார். 172/114. கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். 170/112. சுவரில் இருந்த தாளைக் காட்டி, "நேற்றுக்கூட 120/80தானே சிஸ்டர்?" என்றேன்.

அவர் அந்தத் தாளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே 120/80. ஒரு நாள்கூட 118 இல்லை, 122 இல்லை. அன்று செவ்வாய்க்கிழமை. புதன், வியாழன், வெள்ளி கட்டங்களும் நிரம்பியிருந்தன. அந்தப் பெண்ணின் பையிலிருந்த கருவியைத் திருப்பிப் பார்த்தால் அதற்குள் பேட்டரியே இல்லை.

அவர் 108க்கு அழைத்தார். நத்தம் சாலை மேம்பாலம் ஏறிக் கோரிப்பாளையம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தக் கொதிப்பு, இன்னும் தாமதித்திருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். கர்ப்ப காலம் முழுக்கப் பிரஷர் சரியாக இருந்தவளுக்கும் பிள்ளை பிறந்த பிறகு இது புதிதாக வரலாம், ஆறு வாரம்வரை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதே எங்களுக்கு அங்கேதான் தெரிந்தது. சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டார்கள், பிரஷரை இறக்க மருந்து கொடுத்தார்கள், மணிக்கு மணி அளந்தார்கள். அங்கே எழுதிய எண்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை; ஏறின, இறங்கின, மெதுவாகக் குறைந்தன. தங்கை பிழைத்தாள். அந்த வார்டில் இருந்த டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இனி நிறுவனத்தின் கதை. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே அழைத்தேன். "மேலதிகாரியிடம் தெரிவிக்கிறோம்" என்றார் ஒருவர். அடுத்து எடுத்தவருக்கு முன்னவர் சொன்ன எதுவும் தெரியவில்லை. மூன்றாவது ஆள், "மருத்துவ ஆலோசனை எங்கள் சேவையில் அடங்காது, மேடம்" என்றார். 24 மணி நேர டாக்டர் என்று சொன்னீர்களே என்றால், அது 'நலவாழ்வு வழிகாட்டுதலாம்'. தினமும் வருபவர் நர்ஸ் என்றீர்களே என்றால், எழுத்தில் வந்த பதிலில் அவர் 'துணைப் பராமரிப்பாளர்' ஆகிவிட்டார். அந்தப் பெண்ணையே கேட்டேன். குழந்தை குளிப்பாட்டவும் எண்ணெய் தேய்க்கவும் மட்டும் சொல்லிக் கொடுத்து, தாளில் இந்த எண்ணை எழுது என்று அனுப்பியதாக அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுதச் சொன்னவர்கள்மேல்தான் கோபம். பிரஷர் பார்க்கவே மாட்டோம் என்று சொல்லியிருந்தால் முதல் தலைவலிக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம். பொய்யாக ஒரு எண்ணை எழுதி எங்களை வீட்டில் உட்காரவைத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

38,500 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். திட்டம் தொடங்கிவிட்டால் பணம் திரும்பாது என்று விதியில் இருக்கிறதாம். மீதி நாட்களுக்காவது கொடுங்கள் என்றேன். தங்கை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் எங்கள் ஊழியர் வரத் தயாராகத்தான் இருந்தார், நீங்கள்தான் சேவையைப் பெற்றுக்கொள்ளவில்லை என்று பதில். 'தாய்வீடு' என்று சொன்ன பெண்மணி என் எண்ணையே தடுத்துவிட்டார். ரசீதில் இருந்த அண்ணா நகர் முகவரிக்கு அப்பா போய்ப் பார்த்தார்; மாடியில் பூட்டிய அறை, கீழே ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அப்படி ஒரு நிறுவனம் இருந்ததே தெரியவில்லை. கடைசியில் நல்லெண்ணமாக 1,500 ரூபாய்க்கு ஒரு கூப்பன் அனுப்பினார்கள், குழந்தை எண்ணெய் வாங்கிக்கொள்ள. 38,500 ரூபாய்க்கும் ஓர் உயிருக்கும் அவர்கள் போட்ட விலை அது.

வழக்கு என்றால் பெங்களூருக்குத்தான் வர வேண்டும் என்றும் மிரட்டினார்கள். நம்பாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன். தங்கைக்கு மருந்து கொடுக்கும் நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பிரசவம் ஆனவளுக்கு அடங்காத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் வீக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பிரஷர் பாருங்கள். 140/90 தாண்டினால் அன்றைக்கே டாக்டர், 160/110 என்றால் அந்த நிமிடமே 108. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தால், பெரிய கட்டியாக ரத்தம் போனால், அதற்கும் 108. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும், படும் ரத்தத்தில் நாற்றம் வந்தாலும், தையலில் சீழ் வைத்தாலும் கிருமி ஏறுகிறது என்று அர்த்தம். ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், எண்ணெய் போட்டு நீவாதீர்கள். பெற்றவள் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்றாலோ தனியாக விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எங்கே போனாலும் பிரசவமாகி இத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

அரசு செவிலியர் வீட்டுக்கு வருவதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டு வருகை உண்டு, இலவசம். வரவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இதே போன்ற திட்டத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள், உங்கள் வீட்டுத் தாளில் இன்னும் வராத நாட்களின் கட்டங்களைப் பாருங்கள். நிரம்பியிருந்தால் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இன்றைக்கே வெளியே போய்ப் பிரஷர் பார்த்துவிடுங்கள்.