மீன்தொட்டி வடிகட்டி: கரி வேண்டுமா, பஞ்சு போதுமா?

சென்னை கொளத்தூரில் மீன்தொட்டிக்குப் பஞ்சு (ஸ்பாஞ்ச்) வைத்த வடிகட்டி வாங்கும்போது, ஆக்டிவேட்டட் கார்பன் என்னும் கரியையும் ஒரு பை எடுத்துக்கொள்ளலாமா என்ற தயக்கம் வரும். இரண்டு விதமாகவும் தொட்டி வைத்துப் பார்த்துவிட்டேன்.

செலவு: கரியின் நுண்துளைகள் சில வாரங்களில் நிரம்பிவிடும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பஞ்சை அலசி அலசி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம்.

தெளிவு: இங்கே கரிதான் வெல்கிறது. மரக்கட்டையிலிருந்து இறங்கும் தேநீர் நிறத்தையும் வாடையையும் இழுத்துக்கொள்ளும். பஞ்சுக்கு அது முடியாது. கண்ணில் படும் தூசியைத்தான் பிடிக்கும்.

மீனின் உயிர்: பலரும் ஏமாறும் இடம் இது. மீனைக் கொல்லும் அம்மோனியாவைக் கரி நீக்குவதில்லை. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுபவை பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பஞ்சை அலசினால் அவை செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

மருந்து: வெண்புள்ளி நோய்க்கு மருந்து ஊற்றும்போது கரி உள்ளே இருந்தால் மருந்தையும் விழுங்கிவிடும். ஒருமுறை எடுக்க மறந்து, மூன்று நாள் மருந்தை வீணாக்கினேன். சிகிச்சை முடிந்தபின் மிச்ச மருந்தை நீக்க அதே கரி உதவுகிறது.

செடிகள் இருக்கும், வாரந்தோறும் தண்ணீர் மாற்றும் தொட்டிக்குப் பஞ்சே போதும். நிறம், வாடை, மருந்து மிச்சம் என்றால் கரியைச் சில வாரம் வைத்து எடுத்துவிடுங்கள். தூள் போகக் கழுவிய பிறகே போடுங்கள். அடுப்புக்கரி மட்டும் வேண்டாம்.