செகண்ட் ஹேண்ட் காரும் வயரிங் ரீகாலும்: ஒரு நீண்ட நாள் அனுபவம்

கோவையில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய டீசல் எஸ்யூவியைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். எஞ்சின், சஸ்பென்ஷன், மைலேஜ் எல்லாமே திருப்திதான், அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது அதன் வயரிங் ரீகால் பற்றி, அதாவது ஒரு குறைக்காக விற்ற வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது பற்றி. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். எந்த கம்பெனி வண்டி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

வழக்கமான சர்வீசுக்கு விட்டபோது அட்வைசர் சேஸிஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இந்த வண்டிக்கு ஒரு கேம்பெயின் பெண்டிங்ல இருக்கு. வயரிங் செக் பண்ணணும், காசு கிடையாது" என்றார். ரீகாலைத்தான் கேம்பெயின் என்கிறார். எனக்கு எந்தத் தகவலும் வரவில்லையே என்று கேட்டேன். எஸ்எம்எஸ் போயிருக்கிறது, ஆனால் முதல் ஓனரின் நம்பருக்கு. ஆர்சி என் பெயருக்கு மாறி வெகுநாள் ஆகியும் கம்பெனி பதிவில் பழைய நம்பரே கிடந்தது.

மெக்கானிக் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினார். எஞ்சினைச் சுற்றி ஓடும் வயர் கட்டு ஓர் இரும்பு பிராக்கெட்டின் ஓரத்தை உரசிக்கொண்டு போகிறது. மேலே போட்டிருந்த கறுப்பு நெளிகுழாய் அந்த இடத்தில் மட்டும் நெளிவே இல்லாமல் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. "இன்னும் காப்பர் வெளிய தெரியல சார், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார். கட்டைச் சற்றுத் தள்ளி, புது கிளிப் போட்டு, தடிமனான உறை மாட்டினார்கள். காலையில் விட்ட வண்டி மதியம் கைக்கு வந்துவிட்டது.

இவ்வளவு சின்ன வேலைக்கு ரீகாலா என்று நினைக்க வேண்டாம். காரின் பாடி முழுக்க பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்தது. உறை தேய்ந்து காப்பர் பாடியைத் தொட்டால் ஷார்ட் சர்க்கியூட். ஃபியூஸ் இருக்கிறதே என்பீர்கள். முழுதாகத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். விட்டு விட்டு உரசும்போதோ, ஃபியூஸ் எரியும் அளவுக்குக் கரண்ட் இழுக்காமல் பொறி மட்டும் வரும், அந்த இடம் சூடேறும். பக்கத்தில் பிளாஸ்டிக்கும் ஆயில் பிசுக்கும் இருந்தால் தீப்பிடிக்க அது போதும். ஒரே ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போவது, வார்னிங் லைட் காரணமில்லாமல் வந்து மறைவது, பிளாஸ்டிக் கருகும் வாசனை, இதெல்லாம் வந்தால் உடனே வண்டியைக் காட்டுங்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஃபியூஸுக்குப் பதில் வயர்தான் எரியும்.

இது அபூர்வமான விஷயமும் இல்லை. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, எஞ்சின் அறையில் வயரிங் உரசி அறுபடலாம் என்று 1,08,306 எக்ஸ்யூவி700 வண்டிகளைச் சோதனைக்கு அழைத்தது. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்ட் இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 பைக்குகளைத் திரும்ப அழைத்தது. அரிதாக ஷார்ட் சர்க்கியூட் ஆகலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சொன்னார்கள். ரீகால் அறிவித்த கம்பெனியை மட்டமாகப் பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அறிவிக்காமல் மூடி மறைக்கும் கம்பெனி மேல்தான் எனக்குப் பயம். இப்போது சட்டமும் இருக்கிறது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, குறைபாடுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சேஸிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ரீகால் ஏதும் பாக்கியா என்று கேளுங்கள். வாங்கியதும் உங்கள் மொபைல் நம்பரை அங்கேயே மாற்றச் சொல்லுங்கள். ரீகால் வேலை முடிந்தபின், செய்த வேலைகளை சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டில் அது தனி வரியாக ஏறியிருக்கிறதா பாருங்கள். அப்புறம், எக்ஸ்ட்ரா ஹாரன், ஃபாக் லைட் மாட்ட வெளியே வயரை வெட்டி ஒட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், அந்த ஒட்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

ரிப்பேருக்குப் பிறகு வால்பாறை ஏற்றம், அடைமழை, கோடை வெயில் எல்லாம் பார்த்தாகிவிட்டது, வயரிங்கில் ஒரு தொந்தரவும் இல்லை. குறை ஒன்றுதான். ஆர்சி மாற்றும்போது புது ஓனரின் மொபைல் நம்பரை ஆர்டிஓ ஆபீசில் வாங்குகிறார்கள். ரீகால் செய்தியும் அந்த நம்பருக்கே போகும்படி செய்தாக வேண்டும்.