மூன்று கோடை ஆகியும் சொட்டுவது நிற்காத கண்ணாடிக் குடுவை ஃபீடர்

விலை இறங்கியிருக்கிறதே, 32 அவுன்ஸ் கண்ணாடிக் குடுவை ஹம்மிங்பேர்டு ஃபீடரை (பூந்தேன் குடிக்கும் அந்தக் குட்டிப் பறவைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் தொங்கு குடுவை) வாங்கலாமா என்று நியூஜெர்சி நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். மூன்று கோடை பயன்படுத்திவிட்டுச் சொல்கிறேன். கண்ணாடி அருமை. வெயிலில் மங்கவில்லை, கீறல் விழவில்லை. கரும்பூஞ்சை பிடித்தால்கூட வெந்நீரும் பிரஷ்ஷும் போதும், பளிச்சென்று ஆகிவிடுகிறது. ஆனால் சொட்டுகிறது.

வாஷர் கோளாறு என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். புது வாஷர் போட்டு, மரை பிசகாமல் இறுக்கினாலும் நிற்காது. கவிழ்த்து வைத்த குடுவையின் மேல்பகுதியில் காற்று அடைபட்டிருக்கிறது. மதிய வெயில் பட்டதும் அது விரிந்து, சர்க்கரைத் தண்ணீரைத் துளைகள் வழியே வெளியே தள்ளுகிறது. குடுவை காலியாக ஆக உள்ளே காற்று கூடும், ஒழுக்கும் கூடும். ஒழுகிய இடத்துக்கு முதலில் எறும்பு வரும், பின்னாலேயே குளவி.

நிழலில் மாட்டினால் ஒழுக்கு குறைகிறது, அது உண்மை. முழுக்க நிரப்பினாலும் குறையும் என்பார்கள். ஆனால் 32 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 950 மில்லி. நியூஜெர்சிப் பக்கம் வரும் ரூபித்தொண்டை ஹம்மிங்பேர்டின் எடையோ சுமார் 3 கிராம். தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தினமும் குடித்தாலும், மூன்று பறவைகளுக்கு இரண்டு நாளில் 50 மில்லி செலவாகாது. 90 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் இரண்டு நாளுக்குள் மீதி கலங்கிப் புளித்துவிடும், கொட்டத்தான் வேண்டும். அப்புறம் எதற்கு இவ்வளவு பெரிய குடுவை?

தட்டு வகையை வாங்குங்கள். அதில் சர்க்கரைத் தண்ணீர் மூடியிலுள்ள துளைக்குக் கீழே தட்டில் கிடக்கிறது, சொட்ட வழியே இல்லை. பறவையின் நீண்ட நாக்குக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. மூடி பிளாஸ்டிக்தான், வெயிலில் வெளுக்கும், சில மூடிகளைத் திறப்பதற்குள் விரல் நோகும். பரவாயில்லை. மஞ்சள் பூ ஒட்டியதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், மஞ்சள் குளவியை இழுக்கும். மேலே கொக்கியில் எறும்புத் தடுப்புக் கிண்ணம் மாட்டித் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். எண்ணெய் தடவக் கூடாது, இறகில் பட்டால் பறவைக்கு ஆபத்து.

கலவைக்கு ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரை, நான்கு பங்கு தண்ணீர். தட்டுக்குக் கால் கப் சர்க்கரையும் ஒரு கப் தண்ணீரும் தாராளம். நாட்டுச்சர்க்கரை நல்லதுதானே என்று போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள இரும்புச்சத்து இவற்றுக்கு ஆகாது. தேனில் பூஞ்சை சீக்கிரம் வளரும். சிவப்புச் சாயமும் வேண்டாம், மூடியின் சிவப்பே போதும்.

நியாயமாகச் சொன்னால், செப்டம்பர் கடைசியில் வெயில் தணிந்ததும் கண்ணாடிக் குடுவை ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் தொங்குகிறது. அதற்குள் பறவைகளில் பெரும்பாலானவை மெக்சிகோ பக்கம் கிளம்பிவிடுகின்றன. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.